நான்கு மூலை, இருபது வரி

மண்டிக் கணக்கருக்குக் கை எப்போதும் மண்ணாகத்தான் இருக்கும். நீலகிரியிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கு மூட்டையோடு மலைமண்ணும் சேர்ந்தே மேட்டுப்பாளையத்துக்கு வருகிறது. எடை சொல்பவர் கையில், எழுதுபவர் கையில் ஒட்டி, கடைசியில் கணினிப் பொத்தான்களின் இடுக்கில் போய்க் குடியேறுகிறது. எனக்குப் பழக்கமான ஒரு மண்டிக்காரர் இப்படி இரண்டு விசைப்பலகைகளை இழந்தபின், பத்து வருடத்துக்கு முன் ஒரு சின்ன மடிக்கணினி வாங்கினார். பத்து அங்குலத் தொடுதிரை, கழற்றி வைக்கக்கூடிய விசைப்பலகை. விசைப்பலகையை அட்டைப்பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, திரையை மட்டும் கல்லாப்பெட்டிமேல் சாய்த்து வைத்து, விரலால் தொட்டே சிட்டை போட்டு வந்தார்.

அதில் 2 ஜிபி ராம். சேமிக்க 32 ஜிபி இடம். கூடவே வந்த இயங்குதளம் ஒவ்வொரு வருடமும் பெருத்தது; ஒரு கட்டத்தில் புதுப்பிப்பை இறக்கி வைக்கவே இடமில்லை. கோவையில் படிக்கும் அவருடைய அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு வந்து, பழையதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். கருவி சுறுசுறுப்பானது. வைஃபை வந்தது, பிரிண்டர் ஓடியது. டச் மட்டும் இல்லை.

கடைவீதியில் கொண்டுபோய்க் காட்டினார்கள். "டச் போயிருச்சுங்ணா. டிஸ்ப்ளேயோட சேத்து மாத்தோணும்" என்றார் கடைக்காரர். மண்டிக்காரர் திருப்பிக் கேட்டார்: "காத்தால வரைக்கும் நல்லாத்தான தம்பி இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள எப்படிப் போகும்?"

கணினி தெரியாதவர் கேட்ட அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால், திறந்த மூல மென்பொருள் உலகம் இந்த மாதிரிச் சிக்கலைத் தீர்க்கக் கைக்கொள்ளும் நடைமுறை முழுதாகத் தெரிகிறது. அதன் பெருமையும் அதன் ஓட்டையும் சேர்ந்தே தெரிகின்றன.

நினைவில்லாத சில்லு

தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் பட்ட இடத்தில் மின்தேக்கம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை இடைவிடாமல் அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்பதை எண்ணாக மாற்றிச் சொல்ல ஒரு தனிச் சில்லு உண்டு. இன்டெல்லின் பே டிரெயில், செர்ரி டிரெயில் ஆட்டம் சில்லுகளை வைத்து 2014 முதல் சில ஆண்டுகள் உலகச் சந்தையில் குவிந்த மலிவான சிறு கருவிகள் பலவற்றில், இந்த வேலைக்கு ஷாங்காயைச் சேர்ந்த சைலீட் நிறுவனத்தின் ஜி.எஸ்.எல்.1680 வகைச் சில்லுகள் இருந்தன.

இவ்வகைச் சில்லுக்கு நிரந்தர நினைவு கிடையாது. தான் செய்யவேண்டிய வேலையைச் சொல்லும் ஃபர்ம்வேரை அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் டிரைவர்தான் அதை ஊட்டிவிட வேண்டும். அந்த ஃபர்ம்வேரும் எல்லாக் கருவிக்கும் பொதுவானதன்று. கண்ணாடியின் அளவு, கோடுகளின் அமைப்பு என்று அந்தந்த மாடலுக்குத் தக்கபடி மாறும். விண்டோஸில் இது டிரைவர் கோப்புக்குள்ளேயே பொதிந்து வந்தது. ஆகவே வட்டைத் துடைத்துவிட்டு விண்டோஸையே புதிதாகப் போட்டாலும், அந்த மாடலுக்கான டிரைவர் கையில் இல்லையென்றால் டச் வராது. "லினக்ஸ் போட்டதால் டச் போச்சு" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. துடைத்ததால் போனது, அதன்மேல் எதைப் போட்டாலும் போயிருக்கும்.

லினக்ஸின் நல்ல குணம், அது வாய்திறந்து காரணம் சொல்லிவிடும். கணினி எழும்போது நடப்பதையெல்லாம் லினக்ஸின் மையமான கெர்னல் ஒரு பதிவேட்டில் வரிவரியாக எழுதிவைக்கிறது. சைலீட் சில்லுள்ள கருவியில் அங்கே பெரும்பாலும் இன்ன ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2 என்று ஒரு வரி இருக்கும். -2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள். மண்டிக் கருவியின் பதிவேட்டிலும் அதே மாதிரி ஒரு வரி இருந்தது. கண்ணாடி சாகவில்லை, சில்லும் சாகவில்லை. ஒரு கோப்பு ஊர் சுற்றப் போய்விட்டது, அவ்வளவுதான். திரையையே மாற்றச் சொன்ன கடைக்காரர் ஏமாற்றுக்காரர் அல்லர். பார்க்க அவருக்கு ஒரு பதிவேடு இருந்ததில்லை, அதனால் ஊகித்தார்.

பெயர்ப்பட்டியல் என்னும் ஏற்பாடு

சைலீட் சில்லுக்கான டிரைவர் 2016இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. டிரைவர் வந்தும் வேலை முடியவில்லை. இந்தச் சில்லிடம், 'உன் திரை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது' என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. யாராவது வெளியிலிருந்து சொல்லவேண்டும். அதற்காக 2017இல் கெர்னலுக்குள் ஒரு பட்டியல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்கு 'டச்ஸ்கிரீன் டிஎம்ஐ' என்ற பொதுப்பெயர் கிடைத்தது. இதில் பெரும்பங்கு உழைத்தவர் நெதர்லாந்துக்காரரான ஹான்ஸ் டி கூடே.

பட்டியலின் வேலைமுறை எளிது. ஒவ்வொரு கணினியிலும் முதலில் ஓடும் நிரலான பயாஸில் தயாரிப்பாளர் பெயர், மாடல் பெயர் என்று ஒரு சிறு அடையாளக் குறிப்பு இருக்கும். கெர்னல் அதைப் படித்து, பட்டியலோடு ஒத்துப்பார்க்கும். பெயர் இருந்தால், 'இந்தக் கருவிக்கு அகலம் இத்தனை, உயரம் இத்தனை, மேல்கீழ் தலைகீழ், இன்ன ஃபர்ம்வேரை ஏற்று' என்று எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளும். ஒரு மாடலுக்கு ஏறத்தாழ இருபது வரி. பெயர் இல்லையென்றால் கண்ணாடி வெறும் கண்ணாடிதான்.

அந்த இருபது வரி எப்படிப் பிறக்கிறது என்பதுதான் சுவையான இடம். கருவி வைத்திருக்கும் ஒருவர், 'ஈவ்டெஸ்ட்' என்ற சிறு நிரலை ஓடவிட்டு, திரையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக விரலை வைத்து, ஓடும் எண்களைக் குறித்துக்கொள்கிறார். காட்டில் சர்வேயர் மூலைக்கல் தேடிச் சங்கிலி பிடிக்கிற மாதிரிதான். இடது மேல் மூலையில் சுழி வரவேண்டும்; வரவில்லையென்றால் அச்சு தலைகீழ். வலப்பக்கம் இழுத்தால் அம்பு கீழே இறங்குகிறதென்றால் இரண்டு அச்சும் இடம் மாறியிருக்கின்றன. இவற்றைக் குறித்து, பயாஸ் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பினால், பரிசோதித்து ஏற்கிறார்கள். அடுத்த கெர்னல் வெளியாகும்போது அந்த மாடல் உலகில் எங்கே இருந்தாலும், ஃபர்ம்வேர் கையில் இருந்தால் டச் வேலை செய்யும்.

இந்தப் பட்டியலைத் திறந்து வாசிப்பதே ஒரு அனுபவம். சுவி, டெக்லாஸ்ட், டிரெக்ஸ்டோர், இர்பிஸ் என்று சீன, ஜெர்மன், ரஷ்யச் சந்தைப் பெயர்கள் வரிசையாக வரும். நடுவே குளோபல்ஸ்பேஸ் டெக் பிரைவேட் லிமிடெட் என்று நம் நாட்டு நிறுவனத்தின் பெயரும் வரும். சில கருவிகளுக்கு அடையாளக் குறிப்பே காலியாக இருக்கும். தயாரிப்பாளர் நிரப்பவேண்டிய கட்டத்தில், 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டும்' என்று அச்சிட்ட ஆங்கில வாசகமே அப்படியே கிடக்கும். மலிவுப் பொருளின் அவசரம் அந்த ஒரு வாசகத்தில் தெரிந்துவிடும். அத்தகைய கருவியை அடையாளம் காண, பயாஸின் பதிப்பு எண்ணையும் தேதியையும் பிடித்துக்கொண்டு சுற்றுவழியில் போகிறார்கள்.

எங்கே இது நிமிர்ந்து நிற்கிறது

முதல் சிறப்பு, ஒருவர் பட்ட பாடு ஒருமுறையோடு முடிகிறது. பழுதுபார்க்கும் கடையில் கிடைக்கும் தீர்வு அந்தக் கருவியோடு போய்விடும். அடுத்த கடைக்காரர் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். பட்டியலில் ஏறிய தீர்வு பொதுச்சொத்து. தயாரித்த நிறுவனம் கடையை மூடிவிட்டாலும், அதன் இணையதளமே இல்லாமல் போனாலும், அந்த இருபது வரி நிற்கும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறத் தகுதியில்லாத இந்தச் சிறு கருவிகளுக்கு இனி ஒழுங்கான புதுப்பிப்போடு வாழ இருக்கும் வழிகளில் முக்கியமானது இதுதான். குப்பைக்குப் போகவேண்டியதை வேலைக்கு வைத்திருப்பது சின்ன விஷயமன்று.

இரண்டாவது சிறப்பு, சட்டத்தின் முட்டுச்சந்தில் இவர்கள் கண்டுபிடித்த சந்து. ஃபர்ம்வேரின் உரிமை சில்லு நிறுவனத்தினுடையது. அனுமதியில்லாமல் லினக்ஸ் வட்டில் வைத்துப் பரப்ப முடியாது. ஆனால் சில கருவிகளில், கணினி எழும் கட்டத்திலேயே டச் வேண்டுமென்று தயாரிப்பாளர்கள் பயாஸுக்குள்ளும் அதே ஃபர்ம்வேரின் ஒரு படியை வைத்திருந்தார்கள். 2020இல் கெர்னலில் ஒரு வசதி சேர்ந்தது: கருவி எழும்போது பயாஸ் நினைவகத்தில் அந்தப் படியைத் தேடிப் பிடித்து, சரிதானா என்று கணக்குப் பார்த்து, எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். யாரும் எதையும் பகிரவில்லை. கருவி தன்னிடமிருந்ததைத் தானே எடுத்துக்கொள்கிறது. பூட்டை உடைக்காமல், வீட்டுக்குள்ளேயே இருந்த சாவியைக் கண்டெடுத்த சாமர்த்தியம் இது.

மூன்றாவது, நடைமுறை தன் குறையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் அளவுகளைச் சோதிக்கக் கெர்னலையே தொகுக்கவேண்டும். 2 ஜிபி கருவியில் அது மணிக்கணக்கில் ஓடும் வேலை. இப்போது கணினி எழும்போது கொடுக்கும் கட்டளை வரியிலேயே அகல உயரங்களைச் சொல்லிச் சோதிக்க வழி வந்துவிட்டது. அதேபோல, 64 பிட் சில்லின்மேல் 32 பிட் பயாஸ் என்று இந்தக் கருவிகளுக்கு இருந்த இன்னொரு கோணலால் பென்டிரைவே எழாமல் இருந்தது. 2015இல் வந்த டெபியன் 8 என்ற லினக்ஸ் வெளியீடு அதற்கு வழி செய்தது. சின்னக் கருவி என்று யாரும் ஒதுக்கிவிடவில்லை.

எங்கே இது தடுக்கி விழுகிறது

இத்தனையும் சொன்னபின், குறைகளைப் பூசி மெழுகுவதில் நியாயமில்லை.

பட்டியலில் இருப்பவை உலகத்திலுள்ள கருவிகள் அல்ல. வந்து கதவைத் தட்டியவர்களின் கருவிகள். நம் சந்தையில் 2015ஐ ஒட்டி மைக்ரோமேக்ஸ், ஐபால், நோஷன் இங்க் என்று இந்திய அடையாளத்தோடு கழற்றும் விசைப்பலகைக் கருவிகள் பல வந்தன. பட்டியலில் ஒரு பெயர் ஏற, அந்த மாடல் கையில் இருக்கும் ஒருவர், லினக்ஸ் தெரிந்த ஒருவர், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் துணிந்த ஒருவர் என்று மூவரும் ஒரே ஆளாக அமையவேண்டும். ஐரோப்பிய நகரமொன்றில் அப்படிப்பட்டவர் எளிதாகக் கிடைப்பார். மேட்டுப்பாளையத்தில் கருவி ஒருவரிடம், அறிவு இன்னொருவரிடம், துணிச்சல் யாரிடமும் இல்லை என்று பிரிந்து கிடக்கிறது.

அந்தக் கடிதம் எழுதுவதற்கும் ஆசாரம் உண்டு. எழுத்து வடிவத்தில் மட்டும், அலங்காரமில்லாமல், மாற்றத்தை இன்ன முறையில் வகுத்து, கடைசியில் 'இதை நான் சான்றளிக்கிறேன்' என்று கையொப்ப வரி வைத்து. ஒவ்வொரு விதிக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் முதல் முறை வருபவனுக்கு அது சார்பதிவாளர் அலுவலக வாசல் மாதிரிதான். எந்த விதியை மீறினோம் என்று தெரியாமலே பயப்படுவான்.

அடுத்தது, ஒரே செய்தியை மூன்று இடத்தில் சொல்லவேண்டிய கூத்து. மலிவுக் கருவிகள் பலவற்றில், நிமிர்ந்து நிற்கவேண்டிய கைக்கணினித் திரையையே படுக்கவைத்துப் பொருத்தியிருப்பார்கள். லினக்ஸ் போட்டதும் படம் பக்கவாட்டில் கிடக்கும். இதைச் சரிசெய்யும் குறிப்பு கெர்னலின் காட்சிப் பகுதியில் தனிப் பட்டியலில். விரலின் திசை டச் பட்டியலில். கருவியைத் திருப்பும்போது உணரும் சென்சார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது லினக்ஸோடு வரும் 'சிஸ்டம்டி' திட்டத்தின் இன்னொரு பட்டியலில். திரை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற ஒரே உண்மைக்கு மூன்று பதிவேடு. தாலுகா ஆபீஸை நாம் குறை சொல்கிறோம்!

ஃபர்ம்வேர்ச் சிக்கலும் முழுதாகத் தீரவில்லை. பயாஸில் படி இல்லாத கருவிகளுக்கு விண்டோஸ் டிரைவரிலிருந்துதான் பிரித்தெடுக்கவேண்டும். அதற்குக் கருவிநிரல்கள் இருக்கின்றன; தன்னார்வலர்கள் சேர்த்துவைத்த தொகுப்பும் இருக்கிறது. ஆனால் துடைத்த பிறகு தேடுபவருக்கு அவருடைய மாடல் அதில் இருக்குமென்று உறுதியில்லை. துடைப்பதற்கு முன் டிரைவர் கோப்பை எடுத்துவைக்கச் சொல்லும் ஒரு வரி, லினக்ஸ் நிறுவும் திரையிலேயே வந்திருக்கவேண்டும். வருவதில்லை. செய்து பார்த்துத் தோற்றவர்களுக்கே தெரிந்த அறிவாக அது இருக்கிறது.

கடைசியாக ஒரு குறையைத் தமிழனாகச் சொல்லவேண்டும். டச் வேலை செய்வது வேறு, டச்சில் வேலை செய்வது வேறு. அம்பு விரலைப் பின்தொடர்ந்துவிட்டால் மேலைநாட்டார் 'முடிந்தது' என்று எழுதிவிடுகிறார். நமக்கு அங்கேதான் ஆரம்பம். மண்டியில் விசைப்பலகை பெட்டிக்குள் கிடக்கிறது; திரையிலேயே தமிழ் எழுதவேண்டும். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையில், மெய்க்குப் பின் உயிரைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து உயிர்மெய் ஆகவேண்டும். ஒரு பொத்தானுக்கு ஒரு எழுத்து என்ற எளிய விசை அமைப்பால் இதைச் செய்ய முடியாது. ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை நடுவில் நின்று சேர்த்துக் கொடுக்கவேண்டும். திரை விசைப்பலகைக்கும் அந்த நடுவருக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. டச்சுக்கு இதமான பெரிய பொத்தான்களுள்ள பணிச்சூழல் ராமைத் தின்னும். 2 ஜிபியில் ஓடும் இலேசான பணிச்சூழல் எலியை நினைத்துக் கட்டப்பட்டது. இந்த இடைவெளிக்குப் பட்டியல் கிடையாது.

இதற்கெல்லாம் பதிலாக 'இத்தனை பாடு எதற்கு, பழைய கைபேசி ஒன்றை வாங்கிக்கொண்டால் ஆயிற்று' என்று ஒரு கட்சி உண்டு. அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. நேரத்துக்கும் விலை உண்டு. இரண்டு ஞாயிறைச் செலவழித்துப் பத்து வருடக் கருவியை மீட்பது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் அந்தக் கைபேசியும் சில வருடத்தில் இதே இடத்துக்குத்தான் வரும். அதன் பதிவேட்டைத் திறந்து பார்க்கவும் நமக்கு உரிமை இருக்காது. மீட்கும் வித்தையை ஒரு ஊர் மறந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் வாங்கித்தான் ஆகவேண்டும்.

அளக்க முடிகிறவையும் முடியாதவையும்

மீட்கும் வித்தைக்கு எங்கள் ஊர் நிலையத்திலேயே சாட்சி நிற்கிறது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறத் தொடங்கிய மலை ரயிலை இழுக்கும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தவை. அங்கிருந்து இனி உதிரிபாகம் வரப்போவதில்லை. 2010களில் திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வகையில் எண்ணெயில் ஓடும் புதிய எஞ்சின்களையே கட்டிக் கொடுத்தது. எப்படி முடிந்தது? இரும்பை அளக்கலாம். பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணலாம். தயாரித்தவர் கைவிட்ட பொருளும் தன் இரகசியத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பவரிடம் சொல்லிவிடுகிறது.

சில்லு சொல்லாது. தயாரித்தவர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. சர்வேயர்போல் நான்கு மூலையை அளப்பது, எழுதிக் கொடுக்காதவரின் பொருளை வெளியிலிருந்து ஊகிக்கும் வேலை. எத்தனை சாமர்த்தியமாகச் செய்தாலும் அது ஊகம்தான். ஒவ்வொரு மாடலுக்கும் மறுபடி மறுபடி செய்யவேண்டிய ஊகம்.

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு எதிர்பாராத வீட்டிலிருந்து வருகிறது. விண்டோஸ் 8 காலத்தில், 2012இல், தொடுதிரை போன்ற உறுப்புகள் கணினியோடு எப்படிப் பேசவேண்டும் என்று ஒரு பொது வரையறையை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதன்படி பேசும் திரை, தன் அகல உயரத்தைத் தானே சொல்லிவிடும். அடுத்த ஆண்டே, 2013 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.8இல் அதற்கான டிரைவர் வந்துவிட்டது. அந்த வரையறையை ஒழுங்காகப் பின்பற்றிய கருவிகளுக்குப் பட்டியலும் வேண்டாம், மூலையளப்பும் வேண்டாம். வாங்கிய நாளிலேயே லினக்ஸில் டச் வரும். மூடிய மென்பொருளுக்குப் பேர்போன நிறுவனம் வெளியிட்ட ஒரு வரையறை, திறந்த மென்பொருளுக்கு நூறு தன்னார்வலரின் வேலையைக் குறைத்தது. மென்பொருள் திறந்திருப்பதைவிட, வன்பொருளின் பேச்சுமொழி வெளியாகியிருப்பது முதலில் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

நம் பக்கத்திலும் முன்னோடி உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து வடிவமைத்த சிம்ப்யூட்டர், லினக்ஸில் ஓடும், தொடுதிரையுள்ள கையடக்கக் கணினி. அதன் வன்பொருள் வடிவமைப்பையே ஒரு பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார்கள். சந்தையில் அது வெல்லவில்லை. வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் அதில் டச் வேலை செய்ய யாரும் வெளியிலிருந்து மூலையளக்கத் தேவை வரவில்லை. கட்டியவர்களே எழுதியும் வைத்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. பட்டியல் முறை ஒரு நல்ல வைத்தியம். வந்த நோயை அது தீர்க்கிறது. தீர்த்த விதத்தை ஊரறிய எழுதிவைக்கிறது. ஆனால் நோய் வராமல் தடுக்கும் இடம் அதன் கையில் இல்லை. அது கருவி வாங்கும் இடத்தில் இருக்கிறது.

வாங்கும் கை

தமிழ்நாட்டில் கணினி வாங்கும் மிகப்பெரிய கை அரசினுடையது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கு அரசு நிறுவனமான எல்காட் வழியே பல லட்சம் கருவிகள் வாங்கப்பட்டன. அதற்கும் முன்பே, சி. உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அங்கே லினக்ஸ் நுழைந்திருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விலையில்லா மடிக்கணினிகளிலும் ஏறியது; விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்ற 2014இல் அரசு அலுவலகங்களுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது. 2025 மார்ச்சில் வந்த நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது.

இந்த வரலாற்றில் ஒரு பழக்கம் தொடர்கிறது: 'லினக்ஸ் இருக்கவேண்டும்' என்ற நிபந்தனை மென்பொருளோடு நின்றுவிடுகிறது. வாங்கும்போது லினக்ஸ் ஏற்றித் தருகிறார்கள். நாலு வருடம் கழித்து மாணவன் வேறு லினக்ஸைப் போட்டால் ஒவ்வொரு உறுப்பும் பேசுமா என்ற கேள்வி டெண்டருக்குள் வருவதில்லை. 'தொடுதிரையும் மற்ற உறுப்புகளும் வெளியிடப்பட்ட பொது வரையறைப்படி இயங்கவேண்டும். தனி ஃபர்ம்வேர் தேவையென்றால் அதை யாரும் பகிரும் உரிமையோடு தரவேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 20 லட்சம் கருவிக்கான டெண்டரில் நிற்கும் அந்த ஒரு வரிக்கு எந்தத் தயாரிப்பாளரும் மறுப்புச் சொல்ல யோசிப்பார். இருபது வரியை ஆயிரம் முறை எழுதுவதற்கு மாற்று அது.

அதுவரைக்கும் பட்டியலில் நம் பெயரும் ஏறவேண்டும். கருவி, அறிவு, துணிச்சல் மூன்றும் பிரிந்து கிடக்கின்றன என்றேன்; அவற்றைச் சேர்க்கும் வேலை பெருநகரத்தின் தனிச்சொத்தன்று. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருள் சொல்லித் தருகிறார்கள். 2012 முதல் கணியம் இதழ் இந்த அறிவைத் தமிழில் எழுதிவருகிறது. கோவையைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கையில், இறுதியாண்டுத் திட்டவேலை என்று வருடந்தோறும் ஒரே மாதிரி வருகைப்பதிவு மென்பொருள் எழுதுவதற்குப் பதில், ஊரில் தூங்கும் ஒரு கருவியை எழுப்பி அதன் இருபது வரியைக் கெர்னலில் ஏற்றுவதை ஒரு மாணவர் குழுவுக்குக் கொடுக்கலாம். மதிப்பெண் போடுகிறவருக்கும் எளிது. ஏறியதா இல்லையா என்று உலகமே பார்க்கலாம்.

மண்டிக் கருவியின் கதை பாதி சுபம். அக்கா மகன் தொகுப்புகளில் தேடி, பொருந்துகிற ஃபர்ம்வேர் ஒன்றைக் கண்டுபிடித்தான். அடுத்த ஞாயிறு நான்கு மூலையும் தொட்டு எண் குறித்தான். மேலே தொட்டால் கீழே போனதைத் திருத்தினான். டச் திரும்பி வந்தது. மண்டிக்காரர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, திரையில் நாலு பக்கமும் இழுத்துப் பார்த்து, சிரித்தார். பிறகு இந்தப் பட்டியல் விவரத்தை நான் அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு மருமகன் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ செஞ்சத அவங்களுக்கு எழுதி அனுப்பிச்சாச்சா சாமி?"

"இன்னும் இல்லீங் மாமா."

"மூட்டைய எடை போட்டுட்டுச் சிட்டையில ஏத்தாம வெச்சா எப்படிடா? நாளைக்கு இதே மாதிரி ஒண்ண வெச்சுக்கிட்டு அன்னூர்க்காரன் ஒருத்தன் முழிச்சிட்டு நிப்பானல்ல?"

"செமஸ்டர் முடியட்டுங் மாமா" என்றான் அவன். எண்கள் குறித்த தாள் இன்னும் கல்லாப்பெட்டியில்தான் இருக்கிறது.